சேற்றில் பிறந்த சொல்

நுழையும்முன்

ஒருவரின் கலைந்த தலையையும் கசங்கிய உடையையும் கண்டவுடன் 'சோம்பேறி' என்று முடிவு செய்துவிடுவது உலக வழக்கம். கண்ணுக்குத் தெரிவது ஒழுங்கின்மை மட்டுமே. சோம்பல் என்பது பார்ப்பவர் செய்துகொள்ளும் ஊகம். காட்சியையும் ஊகத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்த சொற்கள் எல்லா மொழிகளிலும் உள்ளன. அவற்றுள் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் பயணத்தையும் இப்பாடம் ஆராய்கிறது.

சொல் குறிக்கும் பொருள்

ஆங்கிலத்தில் 'ஸ்லாப்' என்றொரு சொல் வழங்குகிறது. உடையிலும் இருப்பிடத்திலும் தூய்மை பேணாதவர், செய்யும் வேலையில் அக்கறையின்றி மெத்தனமாக இருப்பவர், நடந்துகொள்ளும் முறையில் பிறரைப் பொருட்படுத்தாதவர் ஆகியோரை இழித்துக் கூற அது பயன்படுகிறது. கற்பலகையையும் கான்கிரீட் தளத்தையும் குறிக்கும் 'சிலாப்' வேறு சொல். அதனோடு இதற்குப் பொருள் தொடர்பு இல்லை.

இச்சொல்லின் பொருளை ஊன்றி நோக்கினால், அதற்குள் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள் அடங்கியிருப்பது புலனாகும். ஒன்று, தூய்மையும் ஒழுங்கும் இல்லை என்பது. மற்றொன்று, உழைக்க மனமில்லை என்பது. இவை இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருப்பதில்லை. நாள் முழுவதும் இயந்திரங்களோடு பணிபுரிந்து திரும்பும் தொழிலாளியின் சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும். அவரிடம் சோம்பல் இருக்காது. மடிப்புக் கலையாத உடையோடு வேலை எதுவும் செய்யாமல் பொழுதைப் போக்குபவரும் உண்டு. ஆயினும் 'ஸ்லாப்' என்னும் சொல் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அழுக்கைக் கண்ட மாத்திரத்தில் சோம்பலையும் சேர்த்துச் சுமத்திவிடுகிறது.

நிலத்தின் பெயர்

இச்சொல் தொடக்கத்தில் மனிதரைக் குறிக்கவில்லை, நிலத்தைக் குறித்தது. அயர்லாந்து நாட்டின் ஐரிஷ் மொழியில் 'ஸ்லாப்' என்பதற்குச் சேறு, சகதி என்பன பொருள். ஐரிஷ் மொழிக்கும் இது வெளியிலிருந்து வந்திருக்கக்கூடும் எனவும், இதன் மூலம் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கலாம் எனவும் சொற்பிறப்பியல் அறிஞர் கருதுவர். அயர்லாந்தில் பேசப்பட்ட ஆங்கிலம் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் 'சேற்று நிலம்' என்னும் பொருளில் இது எழுத்து வழக்கில் காணப்படுகிறது.

ஆறு கடலோடு கலக்கும் இடங்களில், ஓதம் ஏறும்போது நீரில் மூழ்கியும் வற்றும்போது வெளிப்பட்டும் கிடக்கும் சேற்றுப் பரப்புக்கு அயர்லாந்து மக்கள் இப்பெயரை இட்டனர். டப்ளின் நகரின் ஃபேர்வியூ பூங்கா அமைந்துள்ள இடம் ஒருகாலத்தில் இத்தகைய சேற்று நிலமாக இருந்து, பின்னர் நிரப்பப்பட்டதே ஆகும். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலும் இச்சொல் காலூன்றியது. அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து சென்று குடியேறிய மக்கள் அங்கு மிகுதி. கடலின் மேற்பரப்பில் கெட்டிப்படாமல் கூழ்போல் மிதக்கும் பனிக்கட்டியை அத்தீவினர் 'ஸ்லாப் பனி' என்றனர். சேறாயினும் பனியாயினும், உருவம் நிலைக்காத குழைவே இச்சொல்லின் உட்பொருளாக இருந்தது.

நிலத்திலிருந்து மனிதருக்கு

குழைந்த நிலத்தைக் குறித்த சொல், 19ஆம் நூற்றாண்டில் மனிதரின் மேல் ஏறியது. அந்த ஏற்றம் ஒரே திசையில் நிகழவில்லை என்பது கவனத்திற்குரியது. அயர்லாந்து மக்களின் ஆங்கிலப் பேச்சு வழக்குகளைத் தொகுத்து 1910ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட பி.டபிள்யூ. ஜாய்ஸ் என்னும் அறிஞர், இச்சொல்லுக்குத் தரும் விளக்கம் வியப்பளிப்பது. கொழுகொழுவென்று, மென்மையாக, சூதுவாது அறியாமல், அமைதியாக இருக்கும் சிறுவனையோ சிறுமியையோ அன்போடு குறிக்கும் சொல் என அவர் பதிவு செய்துள்ளார். சேற்றின் குழைவைப் பிள்ளையின் மென்மையாகக் கண்டது அந்த வழக்கு.

அதே குழைவை மந்தம் என்றும் அழுக்கு என்றும் கண்டது மற்றொரு வழக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுறுசுறுப்பும் தூய்மையும் அற்ற ஆள் என்னும் பொருள் பரவலாயிற்று. காலப்போக்கில் அன்புப்பொருள் ஒரு சில வட்டாரங்களோடு ஒதுங்கிவிட, வசைப்பொருளே உலக ஆங்கிலத்தில் நிலைபெற்றது.

நல்ல பொருளிலோ பொதுப்பொருளிலோ வழங்கிய சொல், பிற்காலத்தில் தாழ்ந்த பொருளைப் பெறுவதை மொழியியலார் 'இழிபொருட்பேறு' என்பர். தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் பண்டு நறுமணத்தைக் குறித்துப் பின்னர்த் தீநாற்றத்தைக் குறிக்கலானது இதற்கு நன்கு அறிந்த சான்று. சொல்லில் எழுத்து எதுவும் மாறவில்லை. அதைப் பயன்படுத்தியோரின் நோக்கு மாறியது.

ஒலி தரும் துணை

இழிந்த பொருள் இச்சொல்லில் எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு அதன் ஒலியும் ஒரு காரணமாகலாம். ஆங்கிலத்தில் 'ஸ்ல' என்னும் ஒலிக்கூட்டத்தோடு தொடங்கும் சொற்கள் பல, வழுக்குதல், குழைதல், மந்தம் ஆகிய பொருள்களைச் சுற்றியே அமைகின்றன. ஸ்லைம் என்பது கொழகொழப்பான பிசுக்கு. ஸ்லஷ் என்பது உருகிக் குழம்பிய பனிச்சேறு. ஸ்லிப் என்பது வழுக்குதல். ஸ்லோ என்பது மெதுவான தன்மை. அதிலிருந்து உருவான ஸ்லோத் என்பது சோம்பல்.

ஆயினும் ஒலி ஒன்றே பொருளை முடிவு செய்துவிடுவதில்லை. உறக்கத்தைக் குறிக்கும் ஸ்லீப், மெலிவைக் குறிக்கும் ஸ்லிம், சட்டைக் கையைக் குறிக்கும் ஸ்லீவ் ஆகியனவும் அதே ஒலியோடுதான் தொடங்குகின்றன. அவற்றில் இழிவு ஏதும் இல்லை. சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் வெளிப்படையாகத் தோன்றாது எனத் தொல்காப்பியம் கூறுவது இங்கு எண்ணத்தக்கது.

தமிழிலும் இவ்வகையான நெருக்கத்தைக் காணலாம். வழுக்குதல் கால் தவறுவதைக் குறிக்கும்; வழுவுதல் நெறி தவறுவதைக் குறிக்கும்; இலக்கண நெறி தவறிய தொடரை இலக்கண நூலார் 'வழு' என்றனர். கால் நழுவும் நிலத்தையும் மனம் நழுவும் நடத்தையையும் இணைத்துப் பார்ப்பது இரு மொழியினருக்கும் இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

தெரியுமா?

ஒரு குறிப்பிட்ட ஒலிக்கூட்டம், ஒரு மொழியின் பல சொற்களில் ஒத்த உணர்வைத் தோற்றுவிக்கும் இயல்புக்கு 'போனஸ்தீம்' என்னும் கலைச்சொல்லை உருவாக்கியவர் பிரித்தானிய மொழியியல் அறிஞர் ஜே.ஆர். ஃபர்த். 1930ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் இச்சொல்லைப் பயன்படுத்தினார். ஃபர்த், அதற்கு முன்னர் லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

உறவுச் சொற்கள்

ஒழுங்கின்மையைச் சுட்டும் பிற ஆங்கிலச் சொற்களின் வரலாறும் இச்சொல்லின் வரலாற்றை விளக்க உதவும். 'ஸ்லவன்' என்பது 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. நெதர்லாந்து, பிளாண்டர்ஸ் பகுதி மொழிகளிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. முதலில் கயவன், கீழோன் என்னும் பொருள் தந்த இச்சொல், பின்னர் உடையில் கவனமற்றவரைக் குறிப்பதாயிற்று. பண்பைக் குறை கூறிய சொல் தோற்றத்தைக் குறை கூறும் சொல்லாக மாறியது. நிலத்தின் தோற்றத்தைக் குறித்த 'ஸ்லாப்' மனிதரின் பண்பைக் குறை கூறும் சொல்லாக மாறியது. வெவ்வேறு வழிகளில் வந்து இரண்டும் ஒரே இடத்தில் நின்றன.

'ஸ்லிப்ஷாட்' என்பதன் தோற்றம் வெளிப்படையானது. காலில் இறுகப் பொருந்தாத தளர்ந்த செருப்பை அணிந்தவர் என்பது அதன் நேர்பொருள். ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் கோமாளி பேசும் வரியில் இச்சொல் காலணிப் பொருளில் இடம்பெறுகிறது. காலைத் தேய்த்து நடப்பவரின் தோற்றம், அரைகுறையாகச் செய்து முடித்த வேலைக்கு உவமையாகி, இன்று அவ்வேலையையே அச்சொல் குறிக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் தோன்றிய 'ஸ்லாட்டர்ன்' என்னும் சொல் பெண்களை மட்டுமே குறிக்கும். சிந்துதல், இறைத்தல் என்னும் பொருளுடைய வட்டார வழக்கோடு அதற்குத் தொடர்பு உண்டு. வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்வது பெண்ணின் கடமை எனக் கருதிய சமூகத்தில், அக்கடமையில் தவறிய பெண்ணைப் பழிக்க அது உதவியது. பிற்காலத்தில் பெண்ணின் ஒழுக்கத்தின் மேலும் ஐயத்தைப் படரவிட்டது. ஆணின் அழுக்கு கவனக்குறைவு என்ற அளவில் நின்றது. பெண்ணின் அழுக்கு ஒழுக்கக்குறைவாக விரிந்தது. குறை ஒன்றாக இருந்தும் தண்டனை ஒன்றாக இல்லை.

ஊகம் தவறிய இடம்

அழுக்கையும் சோம்பலையும் ஒன்றாகக் காண்பது எத்தகைய தீங்கை விளைவிக்கும் என்பதற்கு, இச்சொல் பிறந்த அயர்லாந்தின் வரலாறே சான்றாகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்நாடு பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தது. கிராமப்புற ஏழைகளில் பெரும்பாலோர், மண்சுவர் எழுப்பிய ஓரறைக் குடிசைகளில் வாழ்ந்தனர். முற்றத்தில் சகதி, கூரையில் ஒழுகல், உடையில் கிழிசல். இவற்றைக் கண்ட ஆங்கிலேயப் பயணிகள் பலர், ஐரிஷ் மக்களைச் சோம்பலின் வடிவமாகச் சித்திரித்து எழுதினர். 1841இல் தொடங்கப்பட்ட 'பஞ்ச்' என்னும் லண்டன் நகைச்சுவை இதழின் கேலிச்சித்திரங்கள் அப்படிமத்தை மேலும் பரப்பின.

குடிசைகள் சீர்செய்யப்படாமல் கிடந்தமைக்கு வேறொரு காரணம் இருந்தது. அங்குப் பயிரிட்டோரில் பெரும்பாலோர் சொந்த நிலமற்ற குத்தகைதாரர். நிலவுடைமையாளர் விரும்பினால் அவர்களை வெளியேற்றலாம். குத்தகைதாரர் தம் கைப்பொருளைச் செலவிட்டு வீட்டைச் செப்பனிட்டாலும் வடிகால் வெட்டினாலும், நிலத்தின் மதிப்பு கூடியது எனக் கூறிக் குத்தகையை உயர்த்த இடமிருந்தது. வெளியேற்றப்பட்டால் செய்த செலவுக்கு ஈடு கேட்கும் சட்ட உரிமை, 1870ஆம் ஆண்டின் நிலச்சட்டம் வரும்வரை அவர்களுக்கு இல்லை. வடபகுதியான அல்ஸ்டரில் மட்டும் வழக்காறு ஓரளவு காப்பளித்தது. அழகுபடுத்தினால் தண்டனை, அழுக்காக விட்டால் பிழைப்பு என்னும் நிலையில், ஒழுங்கின்மை அவர்களுக்கு ஒருவகைத் தற்காப்பாகவும் அமைந்தது.

அவர்களின் உழவு முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் இதனினும் வியப்புக்குரியது. உருளைக்கிழங்கு பயிரிடும் மேட்டுப்பாத்தியை 'லேசி பெட்' என்றனர். 'சோம்பேறிப் பாத்தி' என்பது அதன் பொருள். புல்தரையை முழுவதும் உழாமல், அதன்மேல் எருவையும் கடற்பாசியையும் இட்டு, விதைக்கிழங்கை வைத்து, இருபுறமும் பள்ளம் தோண்டி எடுத்த மண்ணைக் கவிழ்த்து மூடுவது அம்முறை. ஏர் பூட்டி உழாமையால் அது சோம்பேறித்தனமாகத் தோன்றியது. உண்மையில் மண்வெட்டியால் கையுழைப்பாகவே செய்யப்பட்ட கடின வேலை அது. ஈரம் மிகுந்த அந்நிலத்தில் பள்ளங்கள் வடிகாலாகப் பயன்பட்டன. உயர்ந்த பாத்தி கிழங்கை அழுகாமல் காத்தது. ஏர் செல்ல இயலாத மலைச்சரிவுகளையும் சதுப்புகளையும் அம்முறை விளைநிலமாக்கியது. மதிநுட்பமும் உழைப்பும் கலந்த ஒரு தொழிலுக்குச் சோம்பலின் பெயரைச் சூட்டியது, அதைச் செய்யாதவரின் பார்வை.

1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரைப் பூஞ்சை போன்றதொரு நோய் தாக்கியது. 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். தாராளமாக உதவி வழங்கினால் அம்மக்கள் உழைக்காமல் சார்ந்திருக்கப் பழகிவிடுவர் என்னும் கருத்து ஆட்சியாளரிடையே வலுவாக இருந்தது. நிவாரணப் பணிகளை மேற்பார்த்த கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெலியன் அக்கருத்தை உடையவர். பஞ்சத்திற்கும் உயிரிழப்பிற்கும் காரணங்கள் பல. எனினும் ஒரு மக்களினத்தின்மேல் ஒட்டப்பட்ட 'சோம்பேறி' என்னும் பெயர், பசித்தவருக்கு நீளவேண்டிய கையைத் தயங்கச் செய்தது என்பதை வரலாறு காட்டுகிறது.

சேற்றின் மறுபக்கம்

பஞ்சம் நிலவிய அதே 1840களில், அயர்லாந்தின் தென்கிழக்கில் உள்ள வெக்ஸ்போர்டு துறைமுகப் பகுதியில் ஒரு பெரும்பணி தொடங்கியது. ஸ்லேனி ஆறு கடலில் கலக்கும் அவ்விடத்தின் சேற்றுப் பரப்பைச் சுற்றிக் கரை எழுப்பி, நீரை வெளியேற்றி, விளைநிலமாக்க முற்பட்டனர். அவ்வாறு மீட்கப்பட்ட வடக்கு, தெற்குப் பகுதிகள் இரண்டும் இன்றும் 'வெக்ஸ்போர்டு ஸ்லாப்ஸ்' என்னும் பழம்பெயராலேயே அழைக்கப்படுகின்றன. கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த நிலமாதலால், கால்வாய்களில் சேரும் நீரை இயந்திரங்களால் இறைத்து வெளியேற்ற வேண்டும். அப்பணி நின்றால் நிலம் மீண்டும் நீருக்குள் சென்றுவிடும்.

அங்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாத அளவில், கிரீன்லாந்து வெண்ணெற்றி வாத்துகள் வந்திறங்குகின்றன. மேற்கு கிரீன்லாந்தில் இனப்பெருக்கம் செய்து, ஐஸ்லாந்தில் இளைப்பாறி, கடல்கடந்து வரும் இப்பறவைகள் ஏப்ரல் வரை தங்கிச் செல்லும். உலகில் எஞ்சியுள்ள இவ்வினப் பறவைகளில் பெரும்பகுதி குளிர்காலத்தைக் கழிக்கும் முதன்மையான இடங்களுள் இது ஒன்று. 1969ஆம் ஆண்டு வடக்குப் பகுதியில் பறவைகள் காப்பகம் நிறுவப்பட்டது. ஆங்கிலப் பேச்சில் எந்தச் சொல் பயனற்ற மனிதரைச் சுட்டுகிறதோ, அதே சொல் நிலப்படத்தில் அரிய உயிரினத்தின் புகலிடத்தைச் சுட்டுகிறது.

சேற்றின் மதிப்பை உழவர் அறிவர். தொழி உழவு செய்து சேறாக்கிய வயலில்தான் நாற்று வேர்பிடிக்கும். நடவு முடித்துக் கரையேறும் பெண்ணின் காலில் படிந்த சேறு, சோம்பலின் அடையாளம் அன்று. அன்றைய உழைப்பின் அடையாளம்.

சொல்லைக் கையாளும் பொறுப்பு

தூய்மை பேணுதலும் முயற்சியும் நற்பண்புகள் என்பதில் ஐயமில்லை. திருக்குறள் 'மடியின்மை' என ஓர் அதிகாரமே வகுத்துச் சோம்பலைக் கடிகிறது. அவ்வதிகாரம் கடிவது சோம்பல் என்னும் குற்றத்தை. அழுக்கான தோற்றத்தைச் சோம்பலுக்குச் சான்றாக அது கொள்ளவில்லை.

'இந்த அறை ஒழுங்காக இல்லை' என்பது திருத்தக்கூடிய ஒரு நிலையைச் சொல்கிறது. 'இவன் சோம்பேறி' என்பது ஒரு மனிதரை முத்திரையிட்டு மூடிவிடுகிறது. முதல் கூற்றைக் கேட்பவர் அறையைச் சீர்செய்யலாம். இரண்டாவதைக் கேட்பவர் தம்மையே குறைவாக எண்ணத் தொடங்குவார். வகுப்பறையின் கடைசி இருக்கையில், இஸ்திரி இடாத சட்டையோடு தூக்கக் கலக்கத்தில் அமர்ந்திருக்கும் மாணவன், விடியற்காலையில் வீடுதோறும் செய்தித்தாள் போட்டுவிட்டு வந்தவனாக இருக்கலாம். அதைக் கேட்டறியும் முன்னரே சொல்லப்படும் பெயர், அவனைப் பற்றி எதையும் சொல்வதில்லை. சொல்பவர் கேட்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

மதிப்பீடு

குறுவினா
1. 'ஸ்லாப்' என்னும் சொல்லுக்குள் அடங்கியுள்ள இரு குற்றச்சாட்டுகள் யாவை?
2. இழிபொருட்பேறு என்றால் என்ன? பாடத்தில் இல்லாத ஒரு தமிழ்ச் சான்று தருக.

சிறுவினா
1. 'சோம்பேறிப் பாத்தி' என்னும் பெயர் பொருந்தாது என்பதை விளக்குக.
2. அயர்லாந்துக் குத்தகைதாரர் தம் குடிசைகளைச் சீர்செய்யாமைக்குரிய காரணங்களை எழுதுக.

நெடுவினா
ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தில் சமூகத்தின் பார்வை பெறும் இடத்தை, 'ஸ்லாப்' என்னும் சொல்லின் வரலாற்றைக் கொண்டு ஆராய்க.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரில் மனிதரை இழித்துக் கூற வழங்கும் ஐந்து சொற்களைத் தொகுத்து, அவற்றின் பழம்பொருளை அகராதியின் துணையோடு கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.